அச்சில் ஓடும் நிரல்: கால்குலேட்டர் நிரலாக்க நூலை எழுதி வெளியிடுவது எப்படி?

கால்குலேட்டர் நிரலாக்க நூலை வாங்குபவர் இடக்கையில் புத்தகத்தையும் வலக்கையில் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு உட்காருகிறார். ஒரு வரியைப் பார்க்கிறார், ஒரு பட்டனை அழுத்துகிறார். 60 வரி நிரலில் 59 வரி சரியாக இருந்து ஒன்று தவறினாலும் அவருக்குக் கிடைப்பது தவறான விடைதான். நாவலில் வரும் அச்சுப்பிழையை வாசகர் மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார். கால்குலேட்டருக்கு அந்தத் தாராளம் கிடையாது. நூலாசிரியரின் மேசையில் ஓடிய நிரல் வாசகர் கையிலும் அதே விடையைத் தர வேண்டும். இந்த அத்தியாயத்தின் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இந்தத் துறைக்கு 50 ஆண்டு வரலாறு உண்டு. 1974-இல் வந்த ஹெச்பி-65, நிரலைச் சிறு காந்த அட்டையில் பதிந்து வைக்கக்கூடிய முதல் கையடக்கக் கால்குலேட்டர். கொள்ளளவு 100 வரி. அந்த இயந்திரத்தில்தான் 1975-இல் இயற்பியலாளர் மிட்செல் ஃபைகன்பாம் ஒரு சின்னச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒழுங்கு குழப்பமாக மாறும் பாதையில் 4.669 என்ற எண் ஒளிந்திருப்பதைக் கண்டார். 1977-இல் டிஐ-59, 1979-இல் ஹெச்பி-41சி என்று வரிசை நீண்டது. கூடவே புத்தகங்களும் வந்தன. இன்றும் சந்தை காலியாகிவிடவில்லை. 2017-இல் பிரான்ஸிலிருந்து வந்த நம்வொர்க்ஸ் கால்குலேட்டரில் பைத்தான் ஓடுகிறது. 1982-இல் பிறந்த ஹெச்பி-15சி, 2023-இல் மறுபடியும் விற்பனைக்கு வந்தது.

யாருக்காக, எந்த இயந்திரத்துக்காக?

எழுதத் தொடங்கும் முன் இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். “டிஐ-84 பிளஸ் வைத்திருக்கும் பள்ளி மாணவர்”, “ஹெச்பி-12சி வைத்திருக்கும் நிதி ஆலோசகர்” என்பது போல. “எல்லாக் கால்குலேட்டர்களுக்கும்” என்று தொடங்கும் நூல் எதற்கும் உதவாது.

வாசகர் எங்கே இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் பெரும்பாலான தேர்வுக்கூடங்களில் நிரலாக்கக் கால்குலேட்டருக்கு இடமில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் திரையிலேயே ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஹாங்காங்கில் கதை வேறு. அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் நிரலாக்க வசதியுள்ள கேசியோ எஃப்எக்ஸ்-50எஃப்எச் 2 இருக்கிறது. அதன் நிரல் நினைவகம் 680 பைட். அதற்குள் எதை அடைப்பது என்பதே அங்கே ஒரு தனிக் கலை. சிங்கப்பூரில் ஏ-லெவல் கணிதத்துக்கு வரைபடக் கால்குலேட்டர் உண்டு, ஆனால் தேர்வுக்கு முன் நினைவகத்தை அழித்துவிட வேண்டும். அந்த மாணவருக்குத் தேர்வறையில் பயன்படுத்தும் நிரல் என்று எழுதினால் பயனில்லை. வீட்டில் கணிதத்தைப் புரிந்துகொள்ள உதவும் நிரல் என்று எழுதினால் உண்டு.

எந்த அளவுக்கு இயந்திரத்தோடு ஒட்டுவது?

இந்த முடிவுதான் நூலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சூத்திரமும் கணக்கிட்டுக் காட்டிய எடுத்துக்காட்டும் மட்டும் தருவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் மீயூஸ் கால்குலேட்டர்களுக்கான வானியல் சூத்திர நூலை அப்படித்தான் எழுதினார். எந்த இயந்திரத்தின் பட்டன் வரிசையும் அதில் இல்லை. அதனால் கால்குலேட்டர் போய்க் கணினி வந்த பிறகும் அது செல்லுபடியானது. 1991-இல் அதே வழியில் இன்னும் விரிவான நூலை அவர் வெளியிட்டார். வானியல் மென்பொருள் எழுதுவோர் அதை இன்றும் புரட்டுகிறார்கள். பீட்டர் டஃபெட்-ஸ்மித்தின் வானியல் நூல் 1979-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் கால்குலேட்டருக்காக வந்தது. 2011-இல் வந்த நான்காம் பதிப்பின் தலைப்பில் விரிதாளும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வழி, ஒரு மொழியை முழுமையாகக் கற்றுக்கொடுப்பது. கிறிஸ்டோபர் மிட்செல் டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் இயந்திரங்களுக்காக எழுதி, 2012-இல் மேனிங் பதிப்பகம் வெளியிட்ட நூல் இந்த வகை.

மூன்றாவது வழி, ஒரே இயந்திரத்தின் குடல்வரை இறங்குவது. வில்லியம் விக்ஸ் 1980-இல் எழுதிய ஹெச்பி-41சி நூல், தயாரிப்பாளரின் கையேட்டில் இல்லாத கட்டளைகளை எப்படி உருவாக்குவது என்று காட்டியது. லார்கன் என்ற சிறு வெளியீட்டகத்தின் நூல் அது. பின்னாளில் விக்ஸ் ஹெச்பி நிறுவனத்திலேயே சேர்ந்து ஹெச்பி-28, ஹெச்பி-48 கால்குலேட்டர்களின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

முதன்முறை எழுதுபவருக்கு ஏற்றது முதல் வழியையும் இரண்டாவது வழியையும் கலப்பது. ஒவ்வொரு நிரலுக்கும் முன்னால் சூத்திரத்தையும் கையால் போட்ட கணக்கையும் வையுங்கள், பிறகு நிரலை. இயந்திரம் கடையிலிருந்து மறைந்தாலும் பாதி நூல் உயிரோடு இருக்கும்.

எழுதும் வரிசை

1. நூலில் வரப்போகும் நிரல்களின் பட்டியலைத் தயாரியுங்கள். 25 நிரல் நன்றாகச் சோதிக்கப்பட்டிருந்தால் போதும்; சோதிக்காத 100 வேண்டாம்.

2. ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று சோதனைக் கணக்குகளை முதலில் எழுதுங்கள். ஒன்று எளியது, ஒன்று சாதாரணமானது, ஒன்று எல்லையில் நிற்பது (பூஜ்யம், எதிர்மறை, மிகப் பெரிய எண்). விடைகளை அதே கால்குலேட்டரில் எடுக்காமல் கணினியிலோ காகிதத்திலோ கண்டுபிடியுங்கள்.

3. பிறகுதான் நிரலை எழுதி உண்மையான இயந்திரத்தில் ஓட்டுங்கள். மென்பொருள் வடிவக் கால்குலேட்டர் உதவியாக இருக்கும், ஆனால் அது மட்டும் போதாது. தாமஸ் ஓக்கென் எழுதிய இலவச மென்பொருளான ஃப்ரீ42, ஹெச்பி-42எஸ் நிரல்களை அப்படியே ஓட்டும். அதன் தசமப் பதிப்பு 34 இலக்கம் வரை கணக்கிடுகிறது. பழைய இயந்திரம் 12 இலக்கம்தான். ஃப்ரீ42 காட்டிய கடைசி இலக்கங்களை நூலில் அச்சிட்டால் பழைய இயந்திரம் வைத்திருக்கும் வாசகர் தன் கையில்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்.

4. ஓடிய நிரலை இயந்திரத்திலிருந்தே கோப்பாக எடுத்து எழுத்துப்படியில் ஒட்டுங்கள். கேபிள் வசதி இருந்தால் நிரலைக் கையால் மறுபடி தட்டச்சு செய்யவே கூடாது. தட்டும் ஒவ்வொரு முறையும் பிழைக்குக் கதவு திறக்கிறது.

5. விளக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால், நிரலைத் திருத்தும்போது விளக்கம் பழைய வரி எண்களையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு நிரல், அருகிலிருந்து

ஃபைகன்பாம் ஓட்டிய வகைச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண். அதை, 1-இலிருந்து அதைக் கழித்து வருவதோடு பெருக்கி, பிறகு ஒரு மாறிலியோடு பெருக்க வேண்டும். வரும் விடையை மறுபடியும் உள்ளே விட வேண்டும். மாறிலி 01 என்ற நினைவிடத்தில் இருக்கிறது. ஹெச்பி-41 அல்லது ஹெச்பி-42எஸ் இயந்திரத்தில் நிரல் இப்படிப் போகும்:

1 – தொடக்கக் குறி
2 – என்டர்
3 – என்டர்
4 – எண் 1
5 – அடியிலுள்ள இரண்டை இடம் மாற்று
6 – கழி
7 – பெருக்கு
8 – நினைவிடம் 01-ஐ எடு
9 – பெருக்கு
10 – நிறுத்து
11 – தொடக்கக் குறிக்குப் போ

சோதனைக் கணக்கு: நினைவிடத்தில் 3.2, தொடக்க எண் 0.5. ஓட்டு பட்டனை அழுத்த அழுத்த 0.8000, 0.5120, 0.7995, 0.5129 என்று வர வேண்டும். தொடர்ந்தால் விடை 0.5130, 0.7995 என்ற இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி ஊசலாடும்.

இப்போது அச்சுக்கோப்பவரின் கண்ணால் பாருங்கள். 2-ஆம் வரியும் 3-ஆம் வரியும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தவறுதலாக இரட்டித்துவிட்டது என்று நினைத்து நல்ல மெய்ப்புத் திருத்துநர் ஒன்றை நீக்கிவிடுவார். நீக்கினால் என்ன ஆகும்? இந்த இயந்திரங்கள் எண்களை ஓர் அடுக்கில் வைக்கின்றன; என்டர், அடியில் இருக்கும் எண்ணுக்கு இன்னொரு படி எடுக்கும். என்டருக்கு அடுத்து வரும் எண், அடுக்கின் அடியில் இருக்கும் படியை அழித்துவிட்டு அங்கே உட்காரும். அதனால்தான் தொடக்க எண்ணுக்கு இரண்டு படிகள் மிஞ்ச இரண்டு என்டர் தேவை. ஒன்று குறைந்தால் பெருக்குவதற்கு எண் இருக்காது. அடுக்கு காலியாக இருந்தால் விடை 0. முன்பு போட்ட கணக்கின் மிச்சம் அங்கே இருந்தால் விடை ஏதோ ஒன்று, ஆளுக்கு ஆள் வேறு. இந்தப் பிழை வாசகரைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல, ஏனென்றால் இயந்திரம் பிழைச் செய்தி எதையும் காட்டாது.

இதைத் தடுக்க மூன்று வேலை செய்யுங்கள்: வரிகளுக்கு எண் கொடுங்கள், நிரலின் தலையில் “மொத்தம் 11 வரி” என்று போடுங்கள், இரட்டை வரி வரும் இடத்தில் “இரண்டும் தேவை” என்று ஓரக்குறிப்பு எழுதுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

*கோண அளவைச் சொல்லாமல் விடுவது.* 30-க்கு சைன் போட்டால் பாகை முறையில் 0.5 வரும், ரேடியனில் −0.9880, கிரேடில் 0.4540. மூன்றும் இயந்திரத்தைப் பொறுத்தவரை சரியான விடைகளே. ஒவ்வொரு நிரலுக்கும் மேலே “தொடங்கும் நிலை” என்று ஒரு கட்டம் போட்டு கோண முறை, காட்டும் தசம இடங்கள், பயன்படுத்தும் நினைவிடங்கள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

*இரண்டு கழித்தல்களைக் குழப்புவது.* டிஐ-84 போன்ற இயந்திரங்களில் கழிப்பதற்கு ஒரு பட்டன், எதிர்மறை எண்ணுக்கு வேறொரு பட்டன். அச்சில் இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்தால் வாசகர் மாற்றி அழுத்தித் தொடரியல் பிழையை வாங்குவார். எதிர்மறைக் குறியைச் சற்றுக் குட்டையாகவும் உயர்த்தியும் அச்சிடுவதே வழக்கம். அந்த இயந்திரத்தில் −3-இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் போட்டால் −9 வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

*கடைசி இலக்கத்தை நம்புவது.* ஹெச்பி-41 உள்ளேயும் 10 இலக்கமே வைத்துக்கொள்கிறது. டிஐ-59 பத்தைக் காட்டினாலும் உள்ளே 13 வைத்திருக்கிறது. பாகை முறையில் 9-க்கு சைன், காஸ், டேன் என்று வரிசையாகப் போட்டு, பிறகு டேன், காஸ், சைன் மூன்றின் தலைகீழ்களை அதே வரிசையில் போட்டுப் பாருங்கள். 9 திரும்பி வர வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் வால் வேறுபடும். விடைகளை இரண்டு இலக்கம் குறைத்து அச்சிடுவதே நல்லது.

*தயாரிப்பாளரே பிழை செய்யமாட்டார் என்று எண்ணுவது.* 1972-இல் வந்த ஹெச்பி-35-இன் தொடக்க இயந்திரங்களில் 2.02-க்கு இயல் மடக்கை எடுத்து அதைத் திருப்பிப் போட்டால் 2 என்றே வந்தது. கணிதமும் இயந்திரமும் முரண்பட்டால் இரண்டையும் சோதியுங்கள்.

*ஃபர்ம்வேர் பதிப்பைக் குறிக்காமல் விடுவது.* டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2020-இல் டிஐ-84 பிளஸ் சிஇ வரிசைக்குக் கொடுத்த புதிய பதிப்பில், அசெம்ப்ளி நிரல்களை ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டது. அசெம்ப்ளியை நம்பி எழுதிய பாடங்கள் புதுப்பித்த இயந்திரங்களில் ஓடாமல் போயின. எந்த இயந்திரம், எந்தப் பதிப்பு, எந்த மாதத்தில் சோதித்தது என்பதை நூலின் முதல் பக்கங்களிலேயே அச்சிடுங்கள்.

பாதுகாப்பு

சூத்திரம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இன்னொருவர் எழுதிய நிரல் வரிகளும் கையேட்டு வாசகங்களும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. பழைய கையேட்டிலிருந்து நிரலை எடுத்து மாறிகளின் பெயரை மாற்றிப் போடுவது சொந்த எழுத்து ஆகாது. கால்குலேட்டரைக் கணினியில் ஓட்டும் சிஇமு போன்ற மென்பொருளுக்கு இயந்திரத்தின் ரோம் கோப்பு வேண்டும். அதைச் சொந்த இயந்திரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், நூலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். நிறுவனப் பெயர்களைத் தலைப்பில் போட்டால், நூலுக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை என்ற வரி உரிமைப் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். வாசகர் உங்கள் நிரலை நகலெடுக்கலாமா, மாற்றலாமா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

தேர்வுக்கூடத்தை ஏமாற்றும் நிரல்களைச் சேர்க்க வேண்டாம். விற்பனைக்கு அது உதவும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள்; மாட்டிக்கொள்வது வாங்கிய மாணவர்தான்.

வாசகரின் இயந்திரத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் வகைகளில் தவறான அசெம்ப்ளி நிரல் ஓடினால் தற்காலிக நினைவகம் முழுக்க அழிந்துவிடலாம். காப்பகப் பகுதியில் வைத்தவை பிழைக்கும். அசெம்ப்ளி அத்தியாயத்தின் முதல் வரியே “முதலில் காப்பகத்தில் சேமியுங்கள்” என்றிருக்க வேண்டும். பழைய இயந்திரம் வாங்கிச் சோதிப்பவர்களுக்கு இன்னொன்று: ஹெச்பி-25 வகையைப் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் செருகி ஓட்டாதீர்கள், உள்ளிருக்கும் சிப் எரிந்துபோகலாம்.

மருந்தளவு, நில அளவை, கட்டடச் சுமை போன்ற கணக்குகள் நூலில் இருந்தால் அந்தத் துறைக்காரர் ஒருவர் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பக்கம் அமைத்தல்

பட்டன்களைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள். ஹெச்பி-12சி-யில் பொன்னிறப் பட்டன் ஒன்று, நீலப் பட்டன் ஒன்று. ஒரே பட்டனுக்கு அவை வேறு வேறு வேலையைக் கொடுக்கும். கறுப்பு வெள்ளை அச்சில் இரண்டும் ஒரே சாம்பல். ஒன்றைச் சதுரக் கட்டத்திலும் மற்றதை வட்டத்திலும் காட்டினால் வண்ண அச்சுச் செலவு மிச்சம்.

நிரல் வரிகளுக்கு, எல்லா எழுத்தும் சம அகலமுள்ள எழுத்துருவைப் போடுங்கள். பூஜ்யத்துக்குள் கோடோ புள்ளியோ இருந்தால் ஆங்கில ஓ-வோடு குழம்பாது. தானாகத் திருத்தும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். நேர்கோட்டு மேற்கோள் குறியைச் சுருட்டிவிடுவதும் இரண்டு கழித்தல் கோடுகளை ஒட்டிவிடுவதும் அதன் வேலை. நிரலை இரண்டு பக்கங்களுக்கு உடைக்க நேர்ந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் வருமாறு பாருங்கள். தாளைத் திருப்பும் கையில்தான் கால்குலேட்டர் இருக்கிறது.

தமிழ் நூல் என்றால் இன்டிசைனில் பல மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டும், இல்லையென்றால் கொம்புகள் இடம் மாறும். லாடெக் பழகியவர்களுக்கு ஸீலாடெக் வசதியானது; நிரல் கோப்பையே நேராக இழுத்துப் பக்கத்தில் போட்டுவிடலாம்.

மெய்ப்பு பார்த்தல்: அழுத்திப் பார்க்கும் நாள்

1. அச்சகத்துக்குப் போகும் இறுதிக் கோப்பைக் காகிதத்தில் எடுங்கள்.
2. நிரலை எழுதாத ஒருவரிடம் காகிதத்தையும், நினைவகம் முழுக்க அழித்த இயந்திரத்தையும் கொடுங்கள்.
3. அவர் அழுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் தயங்கும் ஒவ்வொரு இடமும் நூலின் பிழை.
4. மூன்று சோதனைக் கணக்கும் சரியாக வந்தால் பக்கத்தில் கையொப்பம் வாங்குங்கள். ஒன்று தவறினாலும் திருத்தி, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.

நேரம் பிடிக்கும் வேலைதான். இதைத் தவிர்க்க வழியில்லை. இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி, அழுத்திப் பார்ப்பவருக்குக் கூலி கொடுங்கள்.

வெளியிடுதல்

பதிப்பகத்துக்குக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு நிரல் பக்கங்களை ஆசிரியர் மறுபடி பார்க்க வேண்டும், அதன் பின் எதையும் மாற்றக்கூடாது. விற்பனை உரிமை, பங்குத்தொகை எல்லாம் மற்ற நூல்களைப் போலத்தான்.

சொந்தமாக வெளியிடுபவருக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையே பொருத்தம். கிடங்கில் புத்தகம் தங்காது, திருத்திய பக்கம் அடுத்த படியிலேயே வந்துவிடும். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. விண்ணப்பத்தை அச்சு வேலைக்கு நெடுநாள் முன்பே போட்டுவிடுங்கள். நூல் வந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் படிகளை அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிரல்களைக் கோப்பாகவும் கொடுங்கள், ஆனால் அச்சில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் ஒன்றே என்று உறுதி செய்துகொண்ட பிறகு. பிழைத் திருத்தப் பட்டியலை நூல் வெளிவரும் நாளிலேயே தொடங்கி, பக்கம், வரி எண், பழைய வரி, புதிய வரி, சோதித்த தேதி என்று ஐந்து நெடுவரிசைகளில் எழுதுங்கள். நிரல் ஓடவில்லை என்று வாசகர் எழுதினால், உங்கள் கோப்பைத் திறக்காதீர்கள். அவர் கையிலிருக்கும் அதே அச்சுப் படியை எடுத்து, அதே பக்கத்தைப் பார்த்து, முதல் வரியிலிருந்து அழுத்திப் பாருங்கள். பிறகு பதில் எழுதுங்கள்.